கொசுறுக் கறிவேப்பிலைக்கு இரண்டு யூரோ

"உனக்கென்னடி, ஃபாரின்ல ராணி மாதிரி இருக்கே!"

இன்று காலை அத்தை ஃபோனில் சொன்னது இது. ராணி அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? இட்லி மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி ஹீட்டர் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாவது நாளாக அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதுரையில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழியும். இங்கே முப்பது மணி நேரம் ஆகியும் பிடிவாதக் குழந்தை மாதிரி அசையாமல் கிடக்கிறது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. சீக்கிரம் புளிக்க முப்பது டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். என் அறையில் ஹீட்டரை எவ்வளவு திருகினாலும் இருபதைத் தாண்டுவதில்லை.

ஆறு மாசம் என்று சொல்லித்தான் ஆபீஸில் என்னை ஜெர்மனியில் இருக்கும் ஸ்டட்கார்ட்டுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரியில் வந்தேன். ஆறு எட்டாகி, எட்டு பத்தாகி, இப்போது டிசம்பர். "இன்னும் ஒரே ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ்தான்" என்கிறார் மேனேஜர். முணுமுணுத்தால் ஆபீஸிலும் வீட்டிலும் ஒரே பதில்தான்: அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பண்ணிக்கொண்டுதானே இருக்கிறேன்! எதை எதை என்று யாராவது ஒரு தடவை கேட்டீர்களா?

குளியலறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், இனிமேல் என்ன கூச்சம். வாளி இல்லை, மக் இல்லை, கைக்குழாய் இல்லை. காகிதம் இருக்கிறது. தரையில் தண்ணீர் போக ஒரு ஓட்டை கிடையாது. ஷவர் தொட்டிக்கு வெளியே ஒரு சொம்புத் தண்ணீர் சிந்தினால் முட்டிபோட்டுத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். 1886-இல் காருக்குக் காப்புரிமை வாங்கிய நாடு இது. தரையைக் கொஞ்சம் சரிவாகப் போட்டு மூலையில் ஒரு ஓட்டை வைக்க இவர்களுக்குத் தெரியவில்லையா? மக் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் தோட்டச் சாமான் பகுதியில் ஒரு பச்சைப் பூவாளி கிடைத்தது. ஆமாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான். மூக்கிலிருந்த சல்லடையைக் கழற்றிப் போட்டுவிட்டேன். பத்து மாதமாக அதுதான் துணை. இதற்கு மேல் விவரம் வேண்டாம்.

அப்புறம் சமையலறை. 'எல்லா வசதியும் கொண்டது' என்று வாடகை விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வந்து அலமாரியைத் திறந்தால் ஒயின் கிளாஸ் ஆறு, அவித்த முட்டையை நிறுத்திவைக்கக் குட்டிக் கிண்ணம் நாலு, சீஸ் சீவ ஒரு தனிக் கருவி. சோறு வடிக்க மூடி போட்ட பாத்திரம் ஒன்று கூட இல்லை. அடுப்பு கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்கும், தீயே கிடையாது. குழிந்த அடி உள்ள இருப்புச்சட்டியை வைத்தால் ஊஞ்சலாடும். அப்பளம் சுட முடியாது, சுக்கா ரொட்டி உப்பாது. ஊரிலிருந்து மிக்ஸியைக் கட்டிக்கொண்டு வந்தேன். மின்சாரம் அதே 230 வோல்ட்தான், ஆனால் நம்முடைய மூன்று முள் பிளக் இங்குள்ள ஓட்டைக்குள் போகாது. அதற்கு ஒரு அடாப்டர் வாங்கி, அது நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சட்னி அரைக்கிறேன்.

அரைத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெரியாத்தனம்! ஞாயிறு என்றால் இங்கே சத்தமே கூடாது, கடையும் கிடையாது. ரயில் நிலையத்துக் கடைகள், பெட்ரோல் பங்க், காலையில் கொஞ்ச நேரம் பேக்கரி, அவ்வளவுதான். ஏதோ வியாபாரிகள் சங்கத்து முடிவு என்று நினைத்திருந்தேன். அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதாம். 1919-இல் அன்றைய ஜெர்மன் குடியரசின் வைமர் அரசியல் சட்டத்தில் ஞாயிற்றுக்கிழமையை வேலை ஓய்வுக்கும் ஆன்ம உயர்வுக்கும் உரிய நாள் என்று எழுதினார்கள். 1949-இல் புது அரசியல் சட்டம் எழுதியபோதும் அந்தப் பிரிவை அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஆன்ம உயர்வு! காலையில் காப்பிக்குப் பால் இல்லாதவளுக்கு ஆன்மா எங்கே உயரும்?

சரி, அந்த ஞாயிறுக்கு வருகிறேன். சட்னிக்குத் தாளிக்க எண்ணெயில் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டேன். அடுத்த நிமிஷம் கூரையில் இருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்தது. நாற்காலி மேல் ஏறித் துண்டை விசிறிக்கொண்டிருக்கிறேன், அழைப்பு மணி. கீழ்வீட்டுப் பாட்டி. உள்ளே வந்தார், இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டார், இருமினார். மிக்ஸி, அலாரம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. என் கதவில் மாட்டியிருந்த சின்னப் பலகையைத் தட்டிக் காட்டினார். இந்த ஊர்ப்பக்கம் 'கேர்வோகே' என்று ஒரு முறை உண்டு. பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர்தான் அந்த வாரம் மாடிப்படி கூட்டித் துடைக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் முடித்திருக்க வேண்டுமாம், நான் முடிக்கவில்லையாம். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் தெருவில் வளர்ந்தவளுக்குப் பெருக்கும் பாடம்! கோபத்தைக் காட்ட எனக்கு ஜெர்மன் போதவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போதுமாக இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, சொன்னால் அழுதுவிடுவேன். ஒன்றே ஒன்று. "எங்கள் ஊர்ப் பருப்பு உனக்குப் பிடிக்கும்" என்று ஆபீஸில் ஆசையாக ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தார்கள். பருப்பில் வினிகர் ஊற்றியிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு நீளத் தொத்திறைச்சி படுத்திருந்தது.

இப்போது கறிவேப்பிலை. வரும்போது அம்மா பெட்டியில் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் ஒரு பாட்டில் நெய்யும் வைத்திருந்தார். சுங்கத்தில் இரண்டையும் எடுத்துக் குப்பையில் போட்டார்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பயணி பால் பொருள் கொண்டுவரக் கூடாது. செடி, இலை, காய், பழம் எதற்கும் சான்றிதழ் வேண்டும். விதிவிலக்கு ஐந்தே ஐந்துக்குத்தான்: அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சை, தேங்காய், டுரியன். தேங்காய் வரலாம், அதன் சட்னிக்குத் தாளிக்கிற கறிவேப்பிலை வரக் கூடாது. நாற்றம் தாங்காமல் பல ஓட்டல்களிலேயே விடாத டுரியன் ஜம்மென்று வரலாம்! நோய்ப்பூச்சி பரவும் என்கிற காரணம் எனக்கும் புரிகிறது. ஆனால் அம்மா உருக்கிய நெய் குப்பைக்கூடையில் 'டங்' என்று விழுந்த சத்தம் அந்தக் காரணத்தால் குறைந்துவிடவில்லை.

இங்கே இலங்கைத் தமிழர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். இட்லி அரிசியும் கிடைக்கும், கறிவேப்பிலையும் கிடைக்கும். பத்து ஈர்க்கு கொண்ட ஒரு பாக்கெட் இரண்டு யூரோ. மாட்டுத்தாவணிச் சந்தையில் காய் வாங்கி முடித்ததும் அம்மா கேட்காமலேயே பையில் போடுவார்களே, அந்தக் கொசுறுக்கு இரண்டு யூரோ. வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அண்ணன் சிரித்தார். "நாங்கள் வந்த காலத்தில இதுவும் இல்லை, தங்கச்சி." எண்பதுகளில் வந்தவராம். எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. எனக்காவது ஒரு ரிலீஸ் முடிந்தால் டிக்கெட். அவர் முன்னால் புலம்ப முடியாமல் வாயை மூடிக்கொண்டு வந்ததையெல்லாம்தான் இங்கே கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரி தூக்கம் வருவதில்லை. குளிர் இல்லை காரணம், மெத்தை நன்றாகவே இருக்கிறது. ஃபேன் இல்லாததுதான் காரணம். தலைக்கு மேலே 'டக் டக்' என்று ஒரு பக்கம் இடித்துக்கொண்டே சுற்றும் எங்கள் வீட்டு ஃபேன். பத்து வருஷமாக அப்பாவிடம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அந்தச் சத்தத்தைத் தம்பியை விட்டு ஃபோனில் பதிவு செய்து வாங்கி, தலைமாட்டில் ஓடவிட்டுத் தூங்குகிறேன். சிரிக்காதீர்கள்.

அம்மாவோடு பேசலாம் என்றால் நாலரை மணி நேர வித்தியாசம். நான் ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டு வரும்போது அங்கே பத்தரை. ஃபோனைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருப்பார். எழுப்பினால், "சாப்பிட்டியா?" என்பார். "ம்" என்பேன். இரண்டு துண்டு ரொட்டிக்கு வேறு என்ன சொல்ல?

அத்தை கடைசியாக என்ன சொன்னார் தெரியுமா? "வர்றப்ப ரெண்டு கிலோ சாக்லேட் வாங்கிட்டு வா. அந்தக் கொட்டை வச்சது."

இன்னும் நிறைய இருக்கிறது, நாலரைக்கே இருட்டுவது, தண்ணீர் கேட்டால் சோடா கொடுப்பது. ஆனால் மணி ஏழே முக்கால், இன்று சனிக்கிழமை, எங்கள் தெருக் கடை எட்டுக்கு மூடிவிடும். பால் வாங்கவில்லை. மாடிப்படியும் கூட்டவில்லை.