ஜன்னலுக்குக் கம்பி இல்லாத ஊர்

(அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் முந்தின நாள் ஒட்டிய நோட்டீஸை வாட்ச்மேன் முருகேசு எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறார்.)

முருகேசு: சார், 'டோன்ட்' புரிகிறது, 'கார்பேஜ்' புரிகிறது. நடுவில் கூட்ஸ் வண்டி மாதிரி ஒன்று நீளமாக நிற்கிறதே?

ஆசிரியர்: டிஃபெனெஸ்ட்ரேட். ஜன்னல் வழியாக வெளியே தூக்கிப் போடுவது. லத்தீனில் ஃபெனெஸ்ட்ரா என்றால் ஜன்னல்.

முருகேசு: மூன்றாம் மாடி அம்மா நின்று படித்தார் சார். மெயின்டனன்ஸை ஏற்றிவிட்டீர்களா என்று கேட்டார். மேலே போனதும் முட்டை ஓடு வந்தது.

ஆசிரியர்: முட்டை ஓட்டுக்கு அந்தச் சொல் கொஞ்சம் அதிகம்தான். அது ஆட்களைப் போடுவதற்காக வந்தது.

முருகேசு: ஆட்களையா!

ஆசிரியர்: இன்றைய செக் நாட்டின் பிராக் நகரம், 1618 மே 23. புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கோபத்தோடு கோட்டைக்குள் போனார்கள். ஆட்சியை நடத்திய கத்தோலிக்க அதிகாரிகள் இரண்டு பேரை ஜன்னல் வழியாகப் போட்டார்கள். கூடவே செயலாளர் ஃபாப்ரிசியுஸையும்.

முருகேசு: அவர் என்ன செய்தார்?

ஆசிரியர்: பக்கத்தில் இருந்தார்.

முருகேசு: அதானே! அது சரி, ஜன்னலில் கம்பி இல்லையா?

ஆசிரியர்: இல்லை.

முருகேசு: நாம் கம்பி போட்டுவிட்டோம், நமக்கு இந்த வார்த்தை தேவைப்படவில்லை.

ஆசிரியர்: இப்போது பதவியிலிருந்து தூக்குவதற்கும் சொல்கிறார்கள்.

முருகேசு: அதற்குக் கதவே போதுமே சார். அந்த மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்களா?

ஆசிரியர்: சுமார் 70 அடி உயரம், மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். வானதூதர்கள் தாங்கிப் பிடித்ததாகக் கத்தோலிக்கர்கள் சொன்னார்கள். சாணக் குவியலில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு.

முருகேசு: பார்த்தீர்களா! ஜன்னலுக்குக் கீழே குவியல் கிடந்தால் உயிருக்கு நல்லது. நான் பெருக்காமல் விடுவதும் அதனால்தான்.

ஆசிரியர்: பெருக்கவில்லையா?

முருகேசு: அப்புறம் என்ன ஆயிற்று சார்?

ஆசிரியர்: முப்பது ஆண்டுப் போர் ஆரம்பித்தது. 1648 வரை ஐரோப்பாவே பற்றி எரிந்தது. ஃபாப்ரிசியுஸுக்கு மட்டும் யோகம். பேரரசர் அவரைப் பிரபு ஆக்கி 'ஹோஹென்ஃபால்' என்று பட்டம் கொடுத்தார். உயரத்திலிருந்து விழுந்தவர் என்கிற மாதிரி.

முருகேசு: விழுந்ததற்குப் பட்டமா?

ஆசிரியர்: ஆமாம்.

முருகேசு: போன மாதம் தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து நானும் விழுந்தேன் சார். ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டீர்கள்.