எலிசபெத் யார் மகள்?

1620-ல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிச் சென்ற மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போன ஜான் ஹவ்லண்டின் வம்சாவளியைத் தேடுகிறவர்கள் முக்கியமான ஒன்றைத் தவறவிடக் கூடாது. அவர் மனைவி எலிசபெத், அந்தக் குடியேறிகள் அமைத்த பிளிமத் காலனியின் முதல் ஆளுநர் ஜான் கார்வரின் மகள் என்றே பல தலைமுறை நம்பியது. ஹவ்லண்டுக்குப் பின்னாளில் நட்ட கல்லறைக் கல்லிலும் அப்படியே வெட்டினார்கள். பிறகு, கார்வருக்கு அடுத்து ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டு காலனியின் வரலாற்றை எழுதிவைத்து, தொலைந்துபோயிருந்த கையெழுத்துப் பிரதி லண்டன் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் கிடைத்து, 1856-ல் அச்சேறியது. அதிலிருந்த பயணிகள் பட்டியல் உண்மையைச் சொன்னது: எலிசபெத், அதே கப்பலில் வந்த ஜான் டில்லியின் மகள். பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ தேவாலயப் பதிவேட்டில் 1607-ல் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த குறிப்பும் உண்டு. அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்திலேயே தாய் தகப்பனைப் பறிகொடுத்த பெண் அவர். பெற்றவர் பெயர் அவரோடு மறுபடி சேர இருநூறு ஆண்டுக்கு மேல் ஆனதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இன்னொன்று. ஹவ்லண்ட் என்று பெயர் இருந்தாலே மேஃபிளவர் வாரிசு ஆகிவிட முடியாது. ஜானின் சகோதரர்கள் ஆர்தரும் ஹென்றியும் பின்னால் வந்து அதே காலனியில் குடியேறினார்கள். அவர்கள் வழியினர் ஜானுக்குப் பங்காளி முறைதான். மறுபக்கம், ஜானுக்கும் எலிசபெத்துக்கும் பத்துப் பிள்ளைகள். மகள்கள் வழி வந்தவர்களிடம் அந்தப் பெயரே இருக்காது. தேடுகிறவர்கள் மருமகன்களின் குடும்பப் பெயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.