பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தாதீர்கள்

உயரம் குறைந்தவர்கள் பைக்கின் பின்பக்கம் லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனில் மாட்டி வண்டியைத் தாழ்த்தும் இணைப்பு) மாட்டினால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. கால் தரையில் பதியும், சரி. ஆனால் வண்டியின் கோணமே மாறிவிடும். 1400 மி.மீ. வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள வண்டியில் பின்பக்கம் 25 மி.மீ. இறங்கினால், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சுமார் 1 டிகிரி பின்னுக்குச் சாயும். டிரெயில் (ஸ்டீயரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடுவதால் நேர்ச் சாலையில் நிதானமாகப் போகும். வளைவில் திருப்ப மட்டும் ஹேண்டில்பாரைத் தனியாக அழுத்த வேண்டியிருக்கும். என் வண்டியில் மாட்டிய முதல் வாரமே, பின்னால் ஆள் ஏறியதும் வேகத்தடையில் அடிப்பாகம் உரசியது. தாழ்ந்த வண்டிக்கு சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போய் வண்டி ஏறக்குறைய நிமிர்ந்தே நின்றது. காற்றடித்தால் விழுந்துவிடும் என்று பயம்.

அப்புறம், முன்பக்கமும் தாழும்படி ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் கொஞ்சம் மேலேற்றிய பிறகுதான் பழைய திருப்பம் கிடைத்தது. அதற்கு முன், அமுங்கும்போது டயர் எதிலும் இடிக்காது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ப்ரீலோடை (சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது. வண்டி உயர்ந்து உட்காரும், அவ்வளவுதான். ஆள் ஏறியதும் எவ்வளவு அமுங்குகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். சாலை வண்டிக்கு 30 முதல் 40 மி.மீ. வரை சரியாக இருக்கும். உயரம்தான் பிரச்சினை என்றால், லிங்கைத் தொடுவதற்கு முன் சீட் ஃபோமைக் குறைத்துப் பாருங்கள்.