சாவு வீட்டிலும் விலை கேட்கலாம்

அப்பா போய் பதினோரு மாதம் ஆகிறது. அவரைப் பற்றி இங்கே நிறைய எழுதியிருக்கிறேன். இன்று எழுதப்போவது, அந்த இரண்டு நாளில் எங்கள் கையை விட்டுப் போன பணத்தைப் பற்றி. எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதுப்பா, நாலு குடும்பத்துக்கு உதவும்" என்றார்.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை. இரவு பதினொன்றரை மணி. பில்லைக் கட்டிவிட்டு வாசலுக்கு வந்ததுமே ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "கோத்தகிரிங்களா? பதினாலாயிரம் ஆகுங்ணா. மலை ஏறணும்ல." கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டர் தூரம். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு ஐம்பது காசு குறைந்தாலே ஏஜெண்டிடம் சண்டைக்கு நிற்கிறவன் நான். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. உள்ளே அப்பாவைக் கிடத்திவிட்டு வெளியே பேரம் பேசுவதா என்று மனசு கூசிவிட்டது. கிளம்பும் நேரத்தில் இன்னொருவர் வந்து, உடல் கெடாமலிருக்க ஊசி போடாமல் மேலே கொண்டுபோக முடியாது என்று நாலாயிரம் வாங்கிக்கொண்டார். மேட்டுப்பாளையத்தில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டி நின்றது. பனியாக இருக்கிறது, நைட் டைம், இன்னொரு இரண்டாயிரம் வேண்டும் என்றார் டிரைவர். அம்மா பின்னால் அப்பாவின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எடுத்துக் கொடுத்தேன்.

வீடு வந்து சேர்வதற்குள் யாரோ ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள். டிசம்பர் மாதம், கோத்தகிரிக் குளிர். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் கம்பளி போர்த்திக்கொண்டு நெருப்பைச் சுற்றி நிற்கிறார்கள், நடுவில் பெட்டி கரண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அடக்கம் முடிந்தது. பெட்டியை எடுக்க மறுநாள் காலையில்தான் வந்தார்கள், இரண்டு நாள் வாடகை என்று ஏழாயிரம் கேட்டார்கள். வண்டி, ஊசி, பெட்டி, இந்த மூன்றுக்கு மட்டும் 27,000 ரூபாய். ஒன்றுக்குக்கூட ரசீது இல்லை. அப்பாவின் சேமிப்பு முழுக்க அவர் பெயரில் மட்டும் இருந்த கணக்கில் கிடந்தது. அதில் கை வைக்க முடியாமல் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

மலைக்குக் கூடுதல் கேட்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. பனி இறங்கிய இரவில் அந்த ரோட்டில் வண்டி ஓட்டுவது லேசான வேலை இல்லை, அதற்குரிய கூலி கொடுக்கத்தான் வேண்டும். அதைக் கோவையிலேயே சொல்லி, தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. வழியில் நிறுத்திக் கேட்பதற்குப் பெயர் கூலி இல்லை.

காரியம் முடிந்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தேன். சில மணி நேரம் ரோட்டில் கொண்டுவருவதற்கு அந்த ஊசி கட்டாயமே இல்லை, விமானத்தில் அனுப்பும்போதுதான் கேட்பார்களாம். பெட்டி வைப்பதும் வைக்காததும் நம் விருப்பம். அடக்கம், தகனம், பிணவறை, உடலைக் கொண்டுசெல்வது இதற்கெல்லாம் ஜிஎஸ்டி கிடையாது. 2017 சட்டத்திலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் வரி சேர்த்து இவ்வளவு என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை வீட்டில் சேர்க்க இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. பில் பாக்கி இருக்கிறது என்று உடலைத் தராமல் வைத்திருக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம் சொல்கிறது. இறப்புக்கான காரணத்தை எழுதித் தரும் மருத்துவச் சான்றுக்கு டாக்டர் கட்டணம் வாங்கக் கூடாது. 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்தால் அதற்கும் கட்டணம் இல்லை.

எனக்கே புதிதாக இருந்தது இன்னொன்று. காசு கொடுத்து வண்டி பிடித்த அந்த நிமிடமே நாம் நுகர்வோர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில்லோ ரசீதோ தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று சேர்த்திருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டு முறையிடலாம். ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், இரண்டு வருடம் அவகாசமும் உண்டு. ஆனால் என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அழுதுகொண்டே இருந்தாலும் ரசீது கேளுங்கள். துக்கத்தில் இல்லாத, பக்கத்து வீட்டு ஆள் ஒருவரை அனுப்பிக் கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது.

என் தாத்தா இலங்கையில் தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்களில் ஒருவராகப் பெயர் வந்து, கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பழக்கமும் கூட வந்தன. பழக்கத்தின் பெயர் மரணாதார சங்கம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வீட்டுக்கு இரண்டு ரூபாய் மாதச் சந்தா. அந்தச் சங்கத்தின் நீள நோட்டு எங்கள் பரணில் இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் தாத்தாவின் குண்டு குண்டுக் கையெழுத்து: "மரண வீட்டுக்குச் சங்கம் கொடுப்பது. பாய் 12. பெட்ரோமாக்ஸ் 2. அண்டா 3. தேயிலை, சீனி. பெட்டிக்குப் பலகை. குழி வெட்ட ஆறு பேர்." ஒரு வீட்டில் உயிர் போனால் அந்த வீட்டார் யாரிடமும் போய் எதையும் கேட்க வேண்டியதில்லை. எல்லாம் முன்கூட்டியே பேசி எழுதி வைத்தது.

அமெரிக்காவிலும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். சியாட்டில் நகரத்தில் 1939-இல், இறுதிச் சடங்குச் செலவு கட்டுப்படியாகாத மக்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். அப்படிப்பட்ட சங்கங்கள் பல ஊர்களில் வளர்ந்தன. 1984 முதல் அங்கே நாடு முழுக்க ஒரு விதி இருக்கிறது: போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும், நேரில் போனால் விலைப்பட்டியலைக் கையில் தர வேண்டும், சவப்பெட்டியை வேறு கடையில் வாங்கி வந்தாலும் அதற்காகத் தனியாகக் காசு கேட்கக் கூடாது என்பதை 1994-இல் சேர்த்தார்கள். நம் ஊரில் மருத்துவமனை வாசலில் ஒரு போர்டு வைக்க என்ன தடை? மேட்டுப்பாளையம் இவ்வளவு, குன்னூர் இவ்வளவு, கூடலூர் இவ்வளவு, இரவு என்றால் இவ்வளவு என்று எழுதிப் போடட்டும். டாக்ஸி ஸ்டாண்டில் சுற்றுலாப் பயணிக்கு ரேட் போர்டு வைக்க முடிகிறது, செத்தவருக்கு வைக்க முடியாதா?

எங்கள் சங்கம் இன்னும் பெயருக்கு இருக்கிறது. பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட்டார்கள், சந்தாவை யாரும் உயர்த்தவில்லை, நோட்டில் புது வரி எழுதியும் பல வருடம் ஆகிறது. அதை மறுபடி எழுப்பலாம் என்று நினைக்கிறேன். சங்கமே ஒரு வண்டிக்காரரிடம் பேசி ரேட்டை எழுதி வாங்கி வைத்துக்கொள்ள முடியும். அப்புறம், சாவுச் செலவுக்கு என்று யாராவது இப்போதே பணம் கட்டச் சொன்னால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். திட்டம் முன்னாலேயே போடலாம், பணம் நம் கணக்கிலேயே இருக்கட்டும். ஐதர் ஆர் சர்வைவர் என்று இரண்டு பேர் பெயரில் கணக்கு இருந்தால் ஒருவர் போனதும் இன்னொருவர் எடுக்கலாம். அம்மாவும் நானும் அப்படி ஒன்று தொடங்கிவிட்டோம்.

போன மாதம் ஒரு ராத்திரி, சாப்பிட்டு முடித்ததும் அம்மாவே ஆரம்பித்தார். "நானும் சொல்லி வெச்சிடறேன், எழுதிக்கோ." தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் எழுதினேன். ஐஸ் பெட்டி வேண்டாம். ரதம் வேண்டாம், நாலு பேர் தூக்கட்டும். அப்பா பக்கத்தில் புதைக்க வேண்டும். வருகிறவர்களுக்கு இஞ்சி தட்டிப் போட்டு டீ, சீனி குறைக்காமல். எழுதி முடித்ததும் தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை படித்துப் பார்த்தார். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் மடித்து வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். தாத்தாவின் நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். இந்தப் பக்கம் கடந்த ஒரு வருடத்தில் வண்டிக்கும் பெட்டிக்கும் எவ்வளவு கொடுத்தீர்கள், எங்கிருந்து எங்கே என்று சொன்னால் அடுத்த பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்.