முதல் கதையில் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும்

முதல் சிறுகதை எழுதப் போகிற நண்பர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான் உண்டு. உங்கள் கதாபாத்திரத்தின் சட்டைப் பையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எழுத உட்காருங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர் வாசகர் வட்டம் நடத்தும் சிறுகதைப் போட்டியில், முதல் சுற்றில் படித்துக் கழிக்கும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. கல்லூரி மாணவர்கள், வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எழுதும் பெண்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். பெரும்பாலோருக்கு மொழி நன்றாகவே வருகிறது. ஆனால் அவர்கள் கதைகளில் வருகிற மனிதர்கள் யாரும் எதையும் காசு கொடுத்து வாங்குவதில்லை. வாடகை கட்டுவதில்லை, பஸ்ஸுக்குச் சில்லறை தேடுவதில்லை. ஆதிரா என்றொரு பெண் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எந்த ஊர் ஜன்னல், எத்தனையாவது மாடி, அவள் வேலைக்குப் போகிறவளா, போகிறவள் என்றால் இன்றைக்கு ஏன் போகவில்லை, ஒன்றும் தெரியாது. மழை நிற்கும்போது கதையும் நின்றுவிடுகிறது.

முதியோர் இல்லக் கதை வராத ஆண்டே கிடையாது. மகன் தாயைக் கொண்டுபோய் விடுகிறான். கடைசிப் பத்தியில் பேரன், "நாளைக்கு உன்னையும் இங்கேதான் விடுவேன் அப்பா" என்கிறான். அந்தப் பேரனுக்கு ஐந்து வயது. பேச்சு மட்டும் ஐம்பது வயது. அந்த இல்லத்துக்கு மாதம் எவ்வளவு கட்டணம், அதை யார் கட்டுகிறார்கள், அண்ணன் பாதி தம்பி பாதி என்று பேசியது எந்த மாதத்திலிருந்து தகராறானது என்று யாராவது எழுதியிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். கதை அந்தத் தகராறில்தான் கிடக்கிறது. எழுதியவர் அதைத் தாண்டிக் குதித்து நேரே கண்ணீருக்குப் போய்விடுகிறார்.

கரு எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்காத புதியவர் இல்லை. கரு என்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பெண் விடுதலை, தலைமுறை இடைவெளி, நகரத்துத் தனிமை. இப்படி ஒரு தலைப்பை நெற்றியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மேடைப் பேச்சுதான் வரும். பாத்திரங்கள் முறைவைத்து ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943இல் வந்த கதை. கடவுள் சென்னைக்கு வருகிறார் என்பதைவிடப் பெரிய கரு ஒருவருக்குக் கிடைக்குமா? அவ்வளவு பெரிய விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கே தொடங்குகிறார் பாருங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற முனையில் கந்தசாமிப் பிள்ளை நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், அதில் வெற்றிலை போடலாம். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரை ஏமாற்றி, சென்ட்ரலைத் தாண்டிய பிறகு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வந்தவர் கடவுள். இத்தனை நுணுக்கமாகக் காலணாக் கணக்குப் பார்க்கிற மனிதரை நாம் ஏற்கெனவே நம்பிவிட்டதால், அவர் பக்கத்தில் நிற்கும் கடவுளையும் நம்பிவிடுகிறோம். பிறகு அதே மனிதர் தன் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளிடமே ஜீவிய சந்தா, அதாவது ஆயுள் சந்தா, வசூலிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறதே தவிர வியப்பு வருவதில்லை. இவர் வசூலிக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை வறுமை, அன்பு என்று இரண்டு சொல்லில் யாரும் சுருக்கிவிடலாம். ஆனால் படித்தவர்களுக்கு நினைவில் நிற்பது ஒரு துண்டு. தீபாவளிக்குக் குடும்பத்தலைவனுக்கென்று வாங்கிவைத்த துண்டு. தெருவில் நடுங்கிக்கொண்டு வந்த அநாதைப் பையனைக் குளிப்பாட்டியாகிவிட்டது, இப்போது அவனுக்கு எதை உடுத்தக் கொடுப்பது? வீட்டில் இருக்கிற புதுத்துணி எது எதுவென்று வாசகனுக்கு முன்பே தெரியும். அது தெரிந்ததால்தான் அந்தத் துண்டு கைமாறும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. 'அவள் கருணை உள்ளம் கொண்டவள்' என்று எழுதியிருந்தால் ஒருவருக்கும் அடைத்திருக்காது.

இது ஏழைகளைப் பற்றிய கதைகளுக்கு மட்டும்தானே என்று கேட்பீர்கள். ஐடி நிறுவனத்தில் லட்ச ரூபாய் சம்பளம் வாங்குகிறவனுக்கும் கணக்கு உண்டு. அவனுக்கு மாதத் தவணை. எவ்வளவு விடுப்பு மிச்சமிருக்கிறது என்ற கவலை. மாமனாரின் மருத்துவச் செலவுக்குக் கொடுத்ததை மனைவியிடம் சொல்லிக்காட்டலாமா கூடாதா என்ற கணக்கு. பணமாகவே இருக்க வேண்டும் என்றில்லை. நேரமாக இருக்கலாம், மரியாதையாக இருக்கலாம். யார் வீட்டுக்கு யார் முதலில் பத்திரிகை வைத்தார்கள் என்பதைவிடத் துல்லியமான கணக்கு நம் ஊரில் வேறு என்ன இருக்கிறது?

சரி, ஒரு கதையைப் பிரித்துப் பார்ப்போம். உங்களுக்கு ஒரு மூதாட்டியின் தனிமையைப் பற்றி எழுத ஆசை என்று வைத்துக்கொள்வோம். தனிமை என்ற சொல்லை மறந்துவிடுங்கள். விளாத்திகுளம் பக்கம் ஓர் ஊர். அந்தப் பாட்டியிடம் பட்டன் போன் ஒன்று இருக்கிறது. மகன் திருப்பூரில். ரீசார்ஜ் திட்டம் 28 நாட்களுக்குத்தான் வரும். அதனால் ஆண்டுக்கு 12 முறை போதாது, 13 முறை போட வேண்டும். போடாமல் விட்டால் சில நாட்களில் உள்வரும் அழைப்பும் நின்றுபோகும். அவருக்கு வருகிற முதியோர் உதவித்தொகை மாதம் 1200 ரூபாய். அதில் ரத்த அழுத்த மாத்திரையும் வாங்க வேண்டும், இதையும் போட வேண்டும். இவ்வளவு எழுதியவுடனேயே ஒரு மனிதர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாரா இல்லையா?

இனி அவரை ஓர் இடத்துக்கு அனுப்புங்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸும் ரீசார்ஜும் சேர்ந்த ஒரு கடை, அதில் ஒரு பையன். பாட்டி போனை நீட்டி, இது கெட்டுப்போய்விட்டது, மணியே அடிப்பதில்லை, என்னவென்று பார் என்கிறார். பையன் தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கிறான். நன்றாக அடிக்கிறது. போனில் ஒரு பழுதும் இல்லை.

போட்டிக்கு வருகிற கதைகள் அநேகமாக இந்த இடத்தில்தான் தடம் புரளும். ஒரு கதையில் பையன் திருப்பூருக்குப் போன் செய்து மகனைத் திட்டித் தீர்ப்பான்; திட்டு ஒரு பக்கத்துக்கு நீளும். இன்னொரு கதையில் பாட்டி போனைக் கையில் பிடித்தபடியே இறந்துவிடுவார், அப்போது பார்த்து மணி அடிக்கும். புதியவர்களின் கதைகளில் சாவு எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது! முடிக்கத் தெரியாத இடத்திலெல்லாம் ஓர் உயிர் போகிறது.

நானாக இருந்தால் பையனை அந்தக் கணக்கோடு விட்டிருப்பேன். அவன் போனைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கழற்றுகிறான், பேட்டரியை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி போடுகிறான், சரியாகிவிட்டது பாட்டி என்கிறான். எவ்வளவு என்று அவர் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் பழுதே இல்லையென்று அவருக்குத் தெரிந்துவிடும். பத்து ரூபாய் கொடுங்கள் என்று வாங்கிக்கொள்கிறான். அந்தப் பத்து ரூபாயை முதலாளியின் கல்லாவில் போடுவானா, தன் பையில் வைத்துக்கொள்வானா, பாட்டி போன பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஜெராக்ஸ் மெஷின் மேல் வைப்பானா? அதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அந்த முடிவில் அவன் யார் என்பது வந்துவிடும். தனிமை என்ற சொல் கதையில் ஓர் இடத்திலும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதே கதையைப் பாட்டியின் மனதுக்குள் இருந்து சொல்லலாமா என்றால், சொல்லலாம், ஆனால் எளிதில் அழுகையாகிவிடும். பையன் பக்கமிருந்து சொன்னால் அவனுக்குத் தெரிந்ததும் அவருக்குத் தெரியாததும் அருகருகே நிற்கும். யார் கண்ணால் சொல்வது என்று தீர்மானிக்கும்போது, நடப்பதில் யாருக்குச் சங்கடம் அதிகம் என்று கேளுங்கள். அநேகமாக அவர்தான் சொல்ல வேண்டியவர்.

இந்த இடத்தில் நூறு ரூபாய் நோட்டின் சுயசரிதையை நினைத்துக்கொள்கிறேன். நோட்டு, நாற்காலி, பள்ளிக்கூடத்து வேப்பமரம், இவற்றில் ஏதாவது ஒன்று 'நான்' என்று பேசும் கதைகள் தவறாமல் வருகின்றன. கேட்டால் வ.வே.சு. ஐயரின் மரமே பேசவில்லையா என்பார்கள். பேசியது உண்மைதான். 1915இல் வெளிவந்த 'குளத்தங்கரை அரசமரம்' தமிழின் தொடக்ககாலச் சிறுகதைகளில் முக்கியமானது. ஆனால் அந்த மரம் குளத்தங்கரையில் நிற்கிறது. ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுக்கவும் குளிக்கவும் வந்து வீட்டுச் சங்கதிகளைப் பேசுகிற இடம் அது. கதையின் நாயகி ருக்மிணி வந்து நிற்பதும் அங்கேதான். வேறு எவரையும்விட அந்த மரத்துக்கு அந்தக் கதை தெரிந்திருக்க நியாயம் உண்டு. உங்கள் நூறு ரூபாய் நோட்டு சமுதாயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறது. அதற்கு அந்த நியாயம் எங்கிருந்து வந்தது?

முடிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வார இதழ்களின் ஒரு பக்கக் கதைகளைப் படித்து வளர்ந்த நமக்கெல்லாம் கடைசி வரியில் ஒரு திருப்பம் வேண்டும் என்ற பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. இவ்வளவு நேரம் பேசியது நாய், அவள் போன வருடமே இறந்துவிட்டாள், எல்லாம் கனவு. இவற்றை ஒருமுறை படிக்கலாம், இரண்டாம் முறை படிக்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையில் ஒரு தாய், முன்பின் அறியாத ஒருவனிடம் சிக்கித் திரும்பிய மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். திடுக்கிட வைக்கும் தந்திரம் எதுவும் அதில் கிடையாது. ஒரு தாய் ஒரு முடிவெடுக்கிறாள், அவ்வளவுதான். அதற்கே பெரும் சர்ச்சை எழுந்தது. அந்தத் தாய் வேறுவிதமாக நடந்துகொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவரே பிறகு ஒரு நாவலையும் எழுதினார். உங்கள் கதையின் முடிவில் யாராவது ஒருவர் ஒன்றைச் செய்யட்டும், அல்லது செய்யாமல் விடட்டும். அது சரியா தவறா என்று படித்தவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள்.

மனதுக்குள் நடப்பதையே பெரும்பாலும் எழுதிய சிறுகதையாளர் மௌனி இப்படியெல்லாம் கணக்குப் பார்த்தா எழுதினார் என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தனே சொல்லியிருக்கிறார். மௌனியைப் படியுங்கள், மயங்குங்கள், பத்துக் கதை எழுதிய பிறகு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். முதல் கதையிலேயே அகவெளிக்குள் நுழைந்தவர்கள் பலர் வெளியே வர வழி தெரியாமல் இன்னும் உள்ளேயே இருக்கிறார்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். முதல் கதைக்கு இரண்டு மூன்று பேர் போதும், ஒரு பிற்பகல் போதும். ஆயிரத்து ஐந்நூறு சொற்களுக்குள் ஒருவரின் பிறப்பு முதல் அறுபதாம் கல்யாணம் வரை அடைக்க வேண்டாம். எழுதி முடித்ததும் முதல் பத்தியை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை இரண்டாவது பத்தியில்தான் ஆரம்பித்திருக்கும். உரையாடலை உங்கள் வீட்டில் பேசுகிற பேச்சில் எழுதுங்கள். தெற்கத்தி எழுத்தாளர்களைப் படித்த பாதிப்பில் கோயம்புத்தூர்க்காரர்கூட நெல்லைத் தமிழில் எழுத ஆரம்பித்துவிடுகிறார். இரண்டு 'ஏலே' போட்டால் தாமிரபரணி வந்துவிடாது. கொங்குத் தமிழ் என்ன குறைந்துபோயிற்று? 'கண்களில் நீர் துளிர்த்தது' என்ற வரியை எவர் எழுதினாலும் அபராதம் விதிக்க எனக்கு அதிகாரம் இருந்தால் வாசகர் வட்டத்துக்குச் சொந்தக் கட்டடமே வந்திருக்கும்.

ஒற்றுப்பிழை பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. எடிட்டர் பார்த்துக்கொள்வார் என்கிற கட்சியில் நான் இல்லை. சிறுபத்திரிகையிலும் இணைய இதழிலும் பல இடங்களில் எடிட்டர், பிழைதிருத்துநர், தபால் பார்ப்பவர் எல்லாம் ஒரே ஆள். அவருக்குப் பகலில் வேறு வேலை இருக்கும். இருநூறு இடத்தில் க், ச், த், ப் போட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. குரல் தட்டச்சில் சொல்லி எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். 'பல்லி' சுவரில் ஏறியதா 'பள்ளி' சுவரில் ஏறியதா என்று நான் ஒரு முழு நிமிடம் யோசித்திருக்கிறேன்.

அனுப்பும் இதழை முதலில் வாங்கிப் படியுங்கள். யூனிகோடில், வேர்டு கோப்பாக, கதைக்குள்ளேயே பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி அனுப்புங்கள். வேறெங்கும் வெளிவராத கதையாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலான இதழ்களும் போட்டிகளும் கேட்கும். முகநூலில் போட்டாலும் வெளிவந்ததுதான். எழுதி முடித்த இரவே அங்கே பதிந்துவிட்டு, நாற்பது இதயக்குறிகள் வந்த மகிழ்ச்சியில் மறுநாள் போட்டிக்கும் அனுப்புகிறார்கள். கதையின் ஒரு வரியைத் தேடுபொறியில் போட்டால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். நல்ல கதைகளையே அப்படி நீக்க வேண்டிவந்திருக்கிறது.

பின்குறிப்பு: படித்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று கதைகளை எனக்கு இன்பாக்ஸில் அனுப்ப வேண்டாம். இந்த ஆண்டுப் போட்டிக் கதைகளே இன்னும் ஒரு கட்டு மேசையில் இருக்கிறது. நேற்று எடுத்த முதல் கதையில் ஆதிரா மறுபடியும் ஜன்னலோரம் நிற்கிறாள்; ஆனால் இந்த முறை வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார், இரண்டு மாத வாடகை பாக்கியாம். மீதியைப் படிக்கப் போகிறேன்.