2012-இல் பசெஸ்குவைக் காப்பாற்றியது எது?

ருமேனிய அதிபராக இருந்த டிராயன் பசெஸ்குவை நாடாளுமன்றம் 2007-இலும் 2012-இலும் இடைநீக்கம் செய்தது; இரு முறையும் பொதுவாக்கெடுப்புக்குப் பின் அவர் பதவியில் தொடர்ந்தார். "மக்கள் இருமுறையும் பசெஸ்குவைக் காப்பாற்றினார்கள்" என்கிறது அவரைப் பற்றிய ஒரு கட்டுரை. 2007-க்கு அது சரி, 2012-க்குப் பொருந்தாது. ருமேனிய அரசியலமைப்பின் 95-ஆம் பிரிவுப்படி, அதிபரை இடைநீக்கம் செய்ய இரு அவை உறுப்பினர்களில் மூன்றிலொரு பங்கினராவது முன்மொழிய வேண்டும். அரசியலமைப்பு நீதிமன்றம் கருத்துச் சொல்லும், ஆனால் அது நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. கூட்டுக் கூட்டத்தில் பெரும்பான்மை கிடைத்தால் அதிபர் இடைநீக்கம். அவரைப் பதவிநீக்குவதா என்று 30 நாளுக்குள் பொதுவாக்கெடுப்பு.

2007 மே 19-இல் வாக்களித்தவர்களில் சுமார் 74 சதவீதம் பேர் பதவிநீக்கம் வேண்டாம் என்றார்கள். 2012 ஜூலை 29-இல் நிலைமை நேர்மாறு: ஏறத்தாழ 87 சதவீதம் பேர் நீக்கச் சொன்னார்கள். ஆனால் வாக்குப்பதிவு 46 சதவீதம்தான். வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களில் பாதிப் பேராவது வாக்களித்தால்தான் வாக்கெடுப்பு செல்லும் என்பதை நீதிமன்றம் நிலைநிறுத்தியிருந்தது. அதனால்தான் அவரை ஆதரித்த கட்சி வாக்கெடுப்பைப் புறக்கணிக்கச் சொன்னது. அந்த உத்தி பலித்தது, ஆகஸ்ட் 21-இல் வாக்கெடுப்பு செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

பட்டியலில் இருந்த சுமார் 1.83 கோடிப் பேரில் வெளிநாட்டில் வாழ்வோரும் அடக்கம். 50 சதவீதக் கணக்கில் இடித்தது அதுதான், அன்றைய பெரும் சர்ச்சையும் அதுவே. கட்டுரையில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.