உடைந்தால் உடையட்டும், எதற்கென்றாவது சொல்லுங்கோ

போன கிழமை திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்க, கம்பசில் படிக்கிற பெடியன் ஒருத்தன் கேட்டான்: "அண்ணை, தமிழரசுக் கட்சிக்குள்ள என்னத்துக்கு அடிபடுகினம்?"

வாயைத் திறந்தேன். திருகோணமலை, பொதுச்சபை, கட்சி யாப்பு (விதிமுறை), தடையுத்தரவு, பதில் தலைவர், பதில் செயலாளர் என்று கால்மணித்தியாலம் கதைத்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. ஆர் ஆரோடு அடிபடுகினம் என்று வடிவாகச் சொல்லிவிட்டேன். அவன் கேட்டது எதற்கு என்று. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தமிழரசுக் கட்சியின்ரை வீட்டுச் சின்னந்தான். 1961 சத்தியாக்கிரகத்தில் கச்சேரி (அரச செயலகம்) வாசலில் குந்தியிருந்து பொலிஸிடம் அடிவாங்கியவர் என்ரை அப்பப்பா. பழைய கச்சேரி இடிபாட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தக் கதை இலவசமாகக் கிடைக்கும். ஆகவே இதை வெளியில் நின்று கல்லெறிகிறவன் எழுதுவதாக எடுக்க வேண்டாம்.

உடைவு இந்தக் கட்சிக்குப் புதிசில்லை. உடைவில்தான் பிறந்ததே. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டங்கள் வந்து அந்தச் சனத்தை நாடற்றவர்களாக்கின. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அப்போது அமைச்சரவைக்குள். செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் பிரிந்து வந்து, 1949 டிசம்பர் 18 அன்று மருதானையில் புதுக்கட்சியைத் தொடங்கினார்கள்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற விசயம் ஒன்று. மலையகத்து ஹற்றனில் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குச் செல்வநாயகத்தின்ரை தொகுதியான காங்கேசன்துறையில் வாக்கு இல்லை. அவருக்காகக் கதைத்து யாழ்ப்பாணத்தில் ஒரு வாக்கும் கூடப்போவதில்லை. கூடவுமில்லை. 1952இல் செல்வநாயகம் காங்கேசன்துறையில் தோற்றார், கட்சிக்குக் கிடைத்தது 2 ஆசனம். கொள்கையை மாற்றாமல் அதே கதையைச் சொல்லிக்கொண்டு ஊரூராகத் திரிந்தார்கள். 1956இல் 10 ஆசனம்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை, அப்பப்பா சொல்லுவார். 1965இல் யூ.என்.பி. (ஐக்கிய தேசியக் கட்சி) அரசோடு சேர்ந்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சனம் உள்ளே விடச்சொல்லி நின்றபோது முன்னுக்கு நின்று போராட்டத்தை நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். அது செல்வநாயகத்தின்ரை சொந்தத் தொகுதி. தமிழனுக்கு உரிமை கேட்ட கட்சி, தமிழனுக்குத் தமிழன் பூட்டிய கதவடியில் வாயை மென்றுகொண்டு நின்றது. இலட்சியம் தேய்ந்தது இப்போது மட்டுமில்லை. ஆனாலும் அந்தக் காலத்துச் சண்டைக்கு ஒரு பொருள் இருந்தது. ஊர்காவற்றுறை வி. நவரத்தினம் கட்சியால் விலக்கப்பட்டுத் தமிழர் சுயாட்சிக் கழகம் தொடங்கினார், 1970 தேர்தலில் தோற்றார். அவர் சரியோ பிழையோ, என்ன கேட்கிறார் என்பது கழகத்தின்ரை பெயரிலேயே கிடந்தது.

இனி இந்தக் காலம். 2024 ஜனவரி 21, திருகோணமலை. தலைவரை முதன்முதலாக வாக்குப்போட்டுத் தெரிந்தார்கள். சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. உண்மையில் நான் அன்றைக்குச் சந்தோசப்பட்டேன். எழுபத்தைந்து வயதுக் கட்சிக்கு இப்பவாவது வாக்குப்பெட்டி கண்ணில் தெரிந்ததே என்று. ஒரு மாதம் போகவில்லை, தெரிவு யாப்புப்படி நடக்கவில்லை என்று வழக்கு. மாநாடு நின்றது. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல்: கட்சி சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவு, கட்சிக்காரர் அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொதுவேட்பாளர், சிறீதரன் அவர் பக்கம். அரியநேத்திரனுக்கு விழுந்தது 226,343 வாக்கு. நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் 6 ஆசனத்தில் 3 ஜனாதிபதி அனுரவின்ரை தேசிய மக்கள் சக்திக்கு, வீட்டுக்கு 1. பிறகும் எங்களுக்கு விளங்கவில்லையென்றால் ஆர் வந்து விளங்கப்படுத்துவது?

"கருத்து வேறுபாடு இருக்குத்தானே" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வருவார், தெரியும். இருக்கு. அதுதான் என்ரை கோவமே. 'ஏக்கிய இராச்சிய' என்று எழுதிய புது அரசியலமைப்பு வரைபை ஏற்கிறதா இல்லையா, மாகாணசபை தந்த 13ஆம் திருத்தத்தைக் கையில் எடுக்கிறதா தள்ளுகிறதா, அனுர அரசோடு எவ்வளவு தூரம் போகிறது: எல்லாம் உயிரான கேள்விகள். இதையெல்லாம் வீரசிங்கம் மண்டபத்தில் சனத்தை வைத்துக்கொண்டு விடிய விடிய அடிபடுங்கோ, நான் பாயோடு வந்து முன்வரிசையில் இருக்கிறேன். இந்தக் கேள்விகளையெல்லாம் யாப்புக்கும் தவணைக்கும் கீழே புதைத்துவிட்டு, எங்களை நீதிமன்றச் செய்தி வாசிக்க வைத்ததுதான் பொறுக்கமுடியவில்லை. தேசிய மக்கள் சக்திக்குப் போட்ட பெடியளைத் துரோகி என்கிறவர்கள், அவர்களிடம் கேட்க ஒரு கொள்கையையாவது கொண்டுபோனார்களா?

2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தலில் வீடு கொஞ்சம் நிமிர்ந்தது. உடனே எல்லாம் சரி என்று பட்டாசு கொளுத்தினார்கள். ரோட்டுலைற்றுக்கும் வாய்க்காலுக்கும் போட்ட வாக்கு அது. அதைச் சமஷ்டிக்கு (கூட்டாட்சிக்கு) விழுந்த வாக்காகக் கணக்கெழுத வேண்டாம்.

பெடியன் போகும்போது இன்னொன்றும் கேட்டான். "நீங்கள் நவம்பரில் ஆருக்கண்ணை போட்டனீங்கள்?" வீட்டுக்குத்தான் என்றேன். "விருப்பு வாக்கு?" ஒருத்தருக்கும் போடவில்லை என்றேன். மூன்று பேருக்குப் போடலாம், ஒரு பெட்டியிலும் புள்ளடி விழவில்லை.